லோரி எஞ்சினுக்குச் சுருதி சேர்த்தல்

மோட்டார்ப் பட்டறைகளில் 'டியூன்' என்னும் ஆங்கிலச் சொல் நாள்தோறும் வழங்குகிறது. பழைய பெட்ரோல் லோரியொன்று மேட்டில் இழுக்க மறுத்தால், அதை 'டியூன்' செய்ய வேண்டும் என்பர். அம்மொழியில் இச்சொல் இசைக்கருவிக்கும் எஞ்சினுக்கும் பொதுவாக நிற்கிறது. நாம் வீணைக்குச் செய்வதைச் சுருதி சேர்த்தல் என்கிறோம். பண்டைத் தமிழர் யாழுக்குச் செய்ததைப் 'பண்ணல்' என்றனர். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் வரும் இச்சொல்லைத் தமிழாசிரியர் அறிவர். பாட எண்ணிய பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை அளவறிந்து வீக்கி நிறுத்துதல் என்பது அதன் பொருள்.

சுருதி சேர்ப்பதால் யாழ் பெரிதாகிவிடுவதில்லை. நரம்புகளின் எண்ணிக்கையும் கூடுவதில்லை. தம்முள் மாறுபட்டு நின்றவை ஒன்றுக்கொன்று இசைந்து நிற்கின்றன, அவ்வளவே. எஞ்சினுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். காற்று, எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய நான்கும் இசைந்து நிற்கும்போது அதன் முழுத் திறனும் வெளிப்படுகிறது. இந்நான்கின் காரண காரியத்தை அறியாமல் திருகாணியை மட்டும் திருகக் கற்றவன் காலமெல்லாம் கையாளாகவே நின்றுவிடுகிறான். காரணம் அறிந்தவனோ வேலைக்காரனாகத் தொடங்கி வினைவல்லனாகிறான். நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்துப் பட்டறை வேலைக்குச் செல்லும் பிள்ளைகளை மனத்திற்கொண்டே இவ்விளக்கத்தை எழுதுகிறேன்.

இக்காலத்து லோரிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை அல்லவா, பெட்ரோல் லோரியைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவலாம். கார்புரேட்டர் பூட்டிய பழைய பெட்ரோல் எஞ்சின், கற்பவனுக்கு ஒரு திறந்த பாடநூல். இன்றைய வண்டிகளில் மின்கணிப்பொறி மறைவாக நின்று செய்யும் ஒவ்வொரு செயலையும் அதில் கண்ணால் காணலாம், கையால் திருத்தலாம். அரிச்சுவடி கற்ற பின்னரே காவியம் கற்பது நம் மரபு.

திறன் என்பது யாது?

பேச்சுவழக்கில் சக்தி, வலு, பவர் எனப் பல சொற்களை ஒரே பொருளில் ஆள்கிறோம். அறிவியலில் விசை வேறு, வேலை வேறு, திறன் வேறு. ஒரு மூட்டையைத் தள்ளுவது விசை. அதனை ஓர் உயரத்திற்கு ஏற்றி முடிப்பது வேலை. அவ்வேலையை எவ்வளவு விரைவில் முடித்தோம் என்பது திறன். ஏறத்தாழ 75 கிலோகிராம் எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்குவது ஒரு குதிரைத்திறன் ஆகும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். சுமையோடு 5 டன் எடையுள்ள லோரி ஒன்று, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது எனக் கொள்வோம். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 500 கிலோகிராம், அதனைப் பின்னோக்கி இழுக்கிறது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். 500ஐ ஐந்தரையால் பெருக்கினால் 2,750. அதனை 75ஆல் வகுத்தால் ஏறத்தாழ 37 குதிரைத்திறன் வரும். டயர்களின் உராய்வும், பல்சக்கரங்களில் ஏற்படும் இழப்பும் இதற்கு மேல் தனி. திறன் குறைந்த வண்டியும் அம்மேட்டில் ஏறும். ஆனால் மெதுவாகவே ஏறும். கியரை மாற்றினால் வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கலாம். இல்லாத திறனை எந்தக் கியராலும் உண்டாக்க இயலாது.

நான்கு வீச்சுகள்

உருளையினுள் பிஸ்டன் மேலும் கீழுமாக நான்கு முறை ஓடுவது ஒரு சுற்று. முதல் வீச்சில் கீழிறங்கும் பிஸ்டன் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுக்கிறது. இரண்டாவதில் மேலேறி அதனை அமுக்குகிறது. தீப்பொறி பட்டுக் கலவை எரிய, மூன்றாவதில் பிஸ்டன் வன்மையாகக் கீழே தள்ளப்படுகிறது. நான்காவதில் எரிந்த புகை வெளியேறுகிறது. 1876ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய முறை இதுவே. நான்கு வீச்சுகளில் ஒன்று மட்டுமே சம்பாதிக்கிறது. மற்ற மூன்றும் செலவு செய்கின்றன. செலவைக் குறைத்து வருவாயைப் பெருக்குவது இல்லறத்திற்கு மட்டுமன்றி எஞ்சினுக்கும் ஏற்ற நெறியாகும்.

எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது ஒரு வீச்சுக்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் நேரம் இதனினும் பன்மடங்கு நீண்டது. அத்தனை சிறிய காலத்திற்குள் உருளை தன் வயிறு நிறையக் காற்றை உண்ண வேண்டும் என்பதை மாணவர் மனத்தில் பதிய வைத்தல் வேண்டும். பின்னர் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

முதற்பணி: இழந்ததை மீட்டல்

திறனைக் கூட்டக் கற்பவன் முதலில் கற்க வேண்டியது, எஞ்சின் எதனை இழந்து நிற்கிறது என்று காண்பதே. பல ஆண்டுகள் ஓடிய லோரியில் வால்வு தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும். பிளக்கின் இடைவெளி அகன்றிருக்கும். காற்று வடிகட்டியில் தூசு அடைந்திருக்கும். இவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பாகங்களைப் பூட்டுவது, ஓட்டைப் பானையில் மேலும் நீர் ஊற்றுவது போன்றதாகும்.

காரணம் காணும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் அமுக்கமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றுகிறோம். ஓர் உருளையில் மட்டும் அமுக்கம் குறைவாக இருக்கிறது. குறை வளையத்திலா, வால்விலா? எஞ்சினைப் பிரிக்காமலே அறிய ஒரு வழி உண்டு. அவ்வுருளைக்குள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடியும் அளக்க வேண்டும். அமுக்கம் உயர்ந்தால், எண்ணெய் வளையத்தின் இடுக்கை அடைத்தது என்று பொருள். ஆகவே தேய்ந்தது வளையம். உயராவிட்டால், காற்று பெரும்பாலும் வால்வின் வழியே கசிகிறது. ஒரு கரண்டி எண்ணெய் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்திவிட்டது. இதைச் செய்யக் கற்றவன் ஒரு தந்திரத்தைக் கற்றான். ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லக் கற்றவனோ ஒரு கலையையே கற்றான்.

காற்றே முதல் உணவு

எஞ்சினின் உணவு பெட்ரோல் என்று எண்ணுகிறோம். நம் நாட்டுப் பேச்சில் பெட்ரோலை 'எண்ணெய்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால், எண்ணெய் மிதியை அழுத்தினால் எண்ணெய் ஓடுகிறது என்றும் கருதுகிறோம். உண்மையில் அம்மிதி, கார்புரேட்டர் பூட்டிய எஞ்சினில், காற்றுக்கு வழிவிடும் கதவையே திறக்கிறது. காற்று ஓடும் விரைவினால் பெட்ரோல் இழுக்கப்பட்டு அதனோடு செல்கிறது.

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. பெட்ரோலை மிகுதியாகப் புகட்டுவது எளிது. காற்றை மிகுதியாகப் புகட்டுவதே அரிது. விறகடுப்பில் தீ மங்கும்போது நம் தாய்மார் மேலும் விறகைத் திணிப்பதில்லை, ஊதுகுழலையே எடுத்தனர். கொல்லனும் துருத்தியையே மிதித்தான். எஞ்சினின் திறனைக் கூட்டும் கலையில் பெரும்பகுதி இந்த ஊதுகுழலில் அடங்கியிருக்கிறது.

காற்று தங்குதடையின்றி வர வேண்டும். ஆகையால் வடிகட்டி தூய்மையாக இருக்க வேண்டும். உட்செல்லும் குழாயில் கூரிய வளைவும் மேடுபள்ளமும் இருத்தலாகாது. புகை வெளியேறும் வழியும் தாராளமாக இருக்க வேண்டும். பழைய புகை தங்கினால் புதிய காற்றுக்கு இடமில்லை. வால்வுகள் எத்தனை உயரம், எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன என்பதை வால்வுத்தண்டின் முட்டுகள் தீர்மானிக்கின்றன. அவற்றின் வடிவை மாற்றினால் மிகு வேகத்தில் எஞ்சின் நன்கு மூச்சுவிடும். ஆனால் குறைந்த வேகத்தில் இழுக்கும் வலிமை குன்றும். பந்தயக் காருக்கு ஏற்ற மாற்றம் சுமை லோரிக்கு ஏற்றதாகாது என்பதற்கு இதுவே காரணம். லோரிக்கு வேண்டுவது மெல்லச் சுழலும்போதே மேட்டில் இழுக்கும் வன்மை.

காற்றின் வெப்பமும் அடர்த்தியும் இங்கே கருதத்தக்கவை. காற்று 10 பாகை செல்சியஸ் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ மூன்று விழுக்காடு குறையும். எஞ்சினின் வெந்த காற்றை அதுவே மீண்டும் உண்ணாதபடி, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் குழாய் வழியே கொணர்வது மலிவான பயனுள்ள மாற்றமாகும். உயரமும் அவ்வாறே. செலாயாங் மொத்தச் சந்தைக்குக் கேமரன் மலையிலிருந்து காய்கறி வருகிறது. அம்மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானே இழுத்து உண்ணும் எஞ்சின் அங்கே அதே அளவு திறனை இழக்கும். காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ கருவி இவ்விழப்பைப் பெரிதும் ஈடு செய்கிறது. மேலே செல்லச் செல்ல வண்டி சோர்வது பழுதன்று, இயற்கை என்று அறியாதவன் வீணாகக் கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவான்.

கலவையின் அளவு

14.7 என்பது முழுமையாக எரிவதற்குரிய அளவு. மிகுந்த திறன் வேண்டின், பெட்ரோல் சற்றே கூடி, ஏறத்தாழ பன்னிரண்டரை முதல் பதின்மூன்றுக்கு ஒன்று என நிற்க வேண்டும். சிக்கனம் வேண்டின் 15க்கு மேல் செல்லலாம். கலவை மிகச் செறிந்தால் கரும்புகையும் பிளக்கில் கரியும் தோன்றும். உருளையின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு வளையம் தேயும். மிக நீர்த்தால் எஞ்சின் திக்கும், சூடேறும்; பிளக்கின் முனை வெளுத்துக் காணும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளைக்கு 'ஜெட்' என்று பெயர். பெரிய துளையைப் பூட்டினால் வண்டி பறக்கும் என்பது பட்டறை நம்பிக்கைகளுள் ஒன்று. கூடுதலாகக் காற்று வராத இடத்தில் கூடுதல் பெட்ரோல் புகையாகவே போகும்.

தீப்பொறியும் ஊஞ்சலும்

கலவை வெடிப்பதில்லை, எரிகிறது. பிளக்கின் முனையில் பிறந்த சுடர் உருளை முழுதும் பரவ ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு காலம் ஆகும். ஐந்நூறில் ஒரு பங்கு எனக் கொண்டாலும், நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் தண்டு அதற்குள் 36 பாகை திரும்பிவிடும். ஆதலால் பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்னரே பொறி தோன்ற வேண்டும். வேகம் கூடக் கூட அது மேலும் முந்த வேண்டும்.

மாணவருக்கு ஊஞ்சலைக் காட்டுக. ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும், ஊஞ்சலும் தடைப்படும். அது நெடுந்தொலைவு போன பின் தள்ளினால் கை எட்டாது. வந்து நின்று திரும்பும் அந்தக் கணத்தில் தள்ளுபவனே குறைந்த உழைப்பில் உயர ஆட்டுகிறான். பொறி மிக முந்தினால் மேலே ஏறும் பிஸ்டனை நெருப்பு எதிர்த்துத் தள்ளும். மிகப் பிந்தினால் பிஸ்டன் ஓடிப்போன பின் நெருப்பு துரத்தும்; வெப்பம் புகைக்குழாய்க்குப் போகும். பழைய எஞ்சின்களில், வேகம் கூடும்போது விலகும் சிறு எடைகளும், உறிஞ்சுகுழாயின் வெற்றிடத்தால் இயங்கும் சவ்வும் இந்த நேரத்தைத் தாமே திருத்தின. இவை துருப்பிடித்து நின்றுவிட்டால், மற்றவை எவ்வளவு செம்மையாக இருப்பினும் வண்டி சோர்ந்தே ஓடும்.

அமுக்கமும் தட்டலும்

500 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்ட உருளைக்கு மேல் 100 கன சென்டிமீட்டர் எரியறை இருந்தால், 600 அளவுள்ள கலவை 100 ஆக அமுக்கப்படுகிறது. அமுக்க விகிதம் 6. இரண்டாம் உலகப் போர்க் காலத்து லோரி எஞ்சின்களில் இவ்விகிதம் பெரும்பாலும் 6ஐ ஒட்டியே இருந்தது. எரியறையை ஏறத்தாழ 71 ஆகச் சுருக்கினால் விகிதம் 8 ஆகும். கொள்கையளவில், எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு 51 விழுக்காட்டிலிருந்து 56 ஆக உயரும். நடைமுறையில் கிடைப்பது இதனினும் மிகக் குறைவே. எனினும் பத்தில் ஒரு பங்கு என்னும் அந்த உயர்வு விகிதம் கருதத்தக்கது. உருளைத் தலையின் அடிப்பரப்பை இழைத்துக் குறைப்பதன் நோக்கம் இதுவே.

அப்படியாயின் விகிதத்தை 12, 15 என ஏற்றிக்கொண்டே போகலாமே என்றால், அங்கேதான் ஆபத்து நிற்கிறது. சுடர் வந்து சேருமுன், மூலையில் அமுங்கிக் காய்ந்த கலவை தானே ஒருங்கே பற்றிக்கொள்ளும். சிறு சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை கேட்கும். இதுவே தட்டல். தொடர்ந்து தட்டும் எஞ்சினில் பிஸ்டன் துளைபடும். தலைக்கும் உருளைக்கும் இடையிலுள்ள காஸ்கெட் எரியும். தட்டலின் இயல்பை ஆங்கிலப் பொறியாளர் ஹேரி ரிக்கார்டோ முதலாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி ஆராய்ந்தார். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்குவதைக் கண்டார். திறன் வளர்ந்தது; உலகக் காற்றில் நஞ்சும் வளர்ந்தது. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது 2021ஆம் ஆண்டில்தான் உலகெங்கும் முற்றிலும் நின்றது. வால்வு இருக்கைகளைத் தேயாமல் காக்கும் பணியையும் அந்த ஈயம் செய்துவந்தது. எனவே மிகப் பழைய எஞ்சினை இன்றைய பெட்ரோலில் ஓட்டுவோர் கடின உலோக இருக்கைகளைப் பொருத்துவது நலம்.

நம் நாட்டு நிலையங்களில் காணும் 95, 97 என்னும் எண்கள், தட்டலைத் தாங்கும் அளவைக் குறிப்பன. 97 என்பது மிகுந்த வலுவுள்ள எண்ணெய் என்று பலர் எண்ணுகின்றனர். அது மிகுந்த பொறுமையுள்ள எண்ணெய், அவ்வளவே. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சினில் அதனை ஊற்றினால் பணம்தான் எரியும்.

கரிவாயு லோரி: ஒரு பெருஞ்சோதனை

மேற்கூறிய நான்கும் தம்முள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று தருகிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1945 வரை அவர்தம் ஆட்சி நிலவியது. பெட்ரோல் அருகிப்போனது. ரப்பரைக் காய்ச்சி எரிநெய் எடுத்தனர். பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த லோரிகளும் பேருந்துகளும் கரிவாயுவில் ஓடலாயின. அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் கரிவாயுப் பேருந்துகள் ஓடியதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

வண்டியோடு பொருத்திய உலையில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் எரிவாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்கு ஊட்டினர். ஆனால் வண்டியின் திறன் ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. காரணம் என்ன? பெட்ரோல் ஆவி உருளையில் பிடிக்கும் இடம் நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மீதி முழுதும் காற்று. கரிவாயுவோ உருளையில் ஏறத்தாழப் பாதி இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது. அந்த வாயுவிலும் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். பந்தியில் பாதி இலைகளில் பசியற்றோர் அமர்ந்தது போலாயிற்று.

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படைக்காகச் செய்யப்பட்ட பெட்ஃபோர்ட் லோரி ஒன்றின் 3.5 லிட்டர் ஆறு உருளை எஞ்சின் 72 குதிரைத்திறன் தந்தது. அத்தகைய எஞ்சினில் கரிவாயுவை ஊட்டினால், கிடைப்பது 40ஐ ஒட்டியே இருக்கும். மேலே கண்ட மேட்டுக் கணக்கை மீண்டும் பார்க்க. இழப்புகளையும் சேர்த்தால் அதே 5 டன் லோரி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 40 போதாது. அதனினும் மெதுவாகவே ஏறும்.

இழந்ததில் ஒரு பகுதியை மீட்க வழியும் இருந்தது. கரிவாயு எளிதில் தட்டாது; ஆகவே அமுக்க விகிதத்தை அஞ்சாமல் உயர்த்தலாம். அது மெதுவாக எரியும். ஆகவே தீப்பொறியை மேலும் முந்தச் செய்ய வேண்டும். பெட்ரோலுக்கு ஏற்ற அளவில் நின்ற எஞ்சினைப் புதிய எரிபொருளுக்கு ஏற்பச் சுருதி மாற்றிய செயல் இது. பண்ணை மாற்றினால் நரம்பையும் மாற்ற வேண்டும் அன்றோ! காரணம் அறிந்தவர் மட்டுமே இதனைச் செய்ய முடிந்தது. திருகாணி எத்தனை சுற்று என்று மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு எரிபொருள் மாறிய அன்றே கல்வி முடிந்துபோயிற்று. இன்று மின்வண்டி வருகிறது; இப்பாடம் நமக்கும் உரியதே.

கழற்றிப் பூட்டிக் கற்றவர்

எஞ்சினைக் கழற்றிப் பூட்டியே கற்றுப் பெரும்புகழ் அடைந்த தமிழ்நாட்டவர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்வது தகும். கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை அதிகம் பெற்றவரல்லர். மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, உழைத்துச் சேர்த்த பணத்தால் அதனை வாங்கி, பிரித்தும் சேர்த்தும் அதன் உள்ளியல்பை அறிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு தொழிலைத் தொடங்கினார். பின்னர் அது பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. தொழிற்கல்விக் கூடம் கண்ட அவர், பட்டறையில் செய்து கற்கும் முறையால் பொறியியல் கல்வியின் ஆண்டுகளைக் குறைக்கலாம் என்றும் வாதிட்டார்.

அவர் பிரித்துப் பார்த்ததனால் மட்டும் பெரியவரானாரோ? பிரித்தவர் ஆயிரம் பேர் உண்டு. ஒவ்வொரு பாகத்தையும் 'நீ எதற்கு இங்கே இருக்கிறாய்' என்று கேட்டவர் சிலரே. அவ்வினாவை எழுப்பும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குத் தருவது பட்டறையின் பணியன்று, பள்ளியின் பணி.

வகுப்பறையில் நாம் செய்யத்தக்கன

முதலாவது, சொற்களை உறுதி செய்வது. பிஸ்டனைத் தமிழ்நாட்டில் உந்துதண்டு என்றும், இலங்கையில் முசலம் என்றும் வழங்குவர். எதனை ஏற்பது என்பது பற்றிச் சண்டை வேண்டா. பட்டறையில் வழங்கும் பெயரையும் தமிழ்ப் பெயரையும் இரண்டையும் மாணவன் அறியட்டும். பெயரைவிட விளக்கம் தமிழில் இருப்பதே இன்றியமையாதது. நம் பள்ளிகளில் 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் கொள்கை வந்தது. 2012 முதல் அது படிப்படியாக விலக்கப்பட்டது. பயிற்று மொழி எதுவாக மாறினும், ஒரு பொருளின் காரணத்தைத் தாய்மொழியில் ஒருமுறை தெளிந்த பிள்ளை, அதனை வேறெம்மொழியிலும் விளக்க வல்லவனாவான். தேசியத் திறன் சான்றிதழுக்குரிய பயிற்சியை அவன் மலாயில் பெறும்போது, புதிய சொல்லை மட்டும் கற்றால் போதும். புதிய கருத்தைக் கற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் மூடி அழுத்தச் சொல்லுக. அமுக்கத்தையும் அதனால் எழும் சூட்டையும் கை உணரும். எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடுக. சுடர் காற்றுக்கு ஏங்குவதைக் கண் காணும். விளையாட்டுத் திடலின் ஊஞ்சல் தீப்பொறியின் காலத்தை உணர்த்தும். கருவி வாங்கப் பணம் வேண்டியதில்லை.

மூன்றாவது, குறிப்பேட்டுப் பழக்கம். எஞ்சினைத் திருத்துபவன் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றும் முன் இருந்த அளவையும், மாற்றிய பின் வந்த அளவையும் எழுத வேண்டும். அதே சாலையில், அதே சுமையோடு, அதே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் பிளக்கையும் ஜெட்டையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றியவன், வண்டி நன்றாக ஓடினாலும் எதனால் என்று அறியான். கெட்டாலும் எதனால் என்று அறியான்.

நான்காவது, எல்லையை உணர்த்துவது. கூடுதல் திறனைத் தாங்க பிரேக்கும், டயரும், குளிர்நீர்ப் பெட்டியும் இணையாக இருக்க வேண்டும். அனுமதியின்றி எஞ்சினை மாற்றுவதும், ஊரே எழும்படி புகைக்குழாயைத் திறந்துவிடுவதும் சட்டத்திற்கு மாறானவை. ஓசை திறனன்று. நன்கு சுருதி சேர்ந்த எஞ்சின் பெரும்பாலும் முன்னினும் அமைதியாகவே ஓடும்.

தமிழாசிரியர் யாப்பையும் அணியையும் கற்பிக்கும்போது, இச்சீருக்குப்பின் இச்சீர் ஏன் வந்தது என்று கேட்டு மாணவரைச் சிந்திக்கத் தூண்டுகிறோம். அதே வினாவை அதே தமிழில் ஒரு லோரி எஞ்சினைப் பார்த்தும் கேட்கலாம். பட்டறை வாயிலில் பானாவும் கையுமாக நிற்கப்போகும் நம் பிள்ளைக்கு, 'எப்படி' என்பதை மூத்த தொழிலாளி சொல்லித் தருவார். 'ஏன்' என்பதை நாம் சொல்லி அனுப்புவோம்.